பெயர் சொல்லாமல் ஒரு பக்கம்

ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்குத் தமிழ் இரண்டு பத்துக்கு. சத்துணவு முடிந்து, கழுவிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே பிள்ளைகள் வந்து உட்காரும் நேரம். இரண்டு ஃபேன்களில் ஒன்றுதான் சுற்றும். துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் ஒவ்வொன்றும் தெருமுனையைக் கடக்கையில் மேசை அதிரும். சாக்பீஸ் உருண்டு விளிம்புக்கு வரும். தங்கபுஷ்பம் பாடத்தை நிறுத்தாமலே அதைப் பிடித்து உள்ளே தள்ளுவாள். அந்த மாநகராட்சிப் பள்ளியில் பதினோரு வருஷமாக அவள் தமிழ் டீச்சர்.

பிள்ளைகள் எழுத மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. போர்டில் போட்டால் மூன்று பக்கமானாலும் எழுதுவார்கள். சொந்தமாக ஒரு வரி கேட்டால் பேனா நின்றுவிடும். ஜூன் மாதம் 'என் குடும்பம்' என்று தலைப்புக் கொடுத்தாள். முப்பத்து நான்கு நோட்டு வந்தது. முப்பத்து நான்கு பேரின் தந்தையும் விவசாயி. எல்லோரும் ஒரே நோட்ஸைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நடந்தாலும் ஒரு வயல் கிடையாது.

அக்டோபரில் வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"உங்க வீட்ல இருக்கிற ஒண்ணு. எதுன்னாலும் சரி. அதப் பத்தி ஒரு பக்கம் எழுதணும். பேரு மட்டும் சொல்லக் கூடாது. நான் வாசிப்பேன். மத்தவங்க கண்டுபிடிக்கணும்."

"பேரு சொல்லாம எப்டி டீச்சர்?" என்றான் தவ்ஃபீக்.

"அது என்ன செய்யும், எப்படி இருக்கும், அத எழுது."

"மெய்யாலுமே நம்ம வூட்ல கீறதா? இல்ல, புக்ல கீற வூட்டையா?"

"உன் வீட்ல உள்ளதுதாம்லே."

"ஏலே!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் அவள் ஊர்ப் பேச்சை இழுத்துக் காட்டியது. வகுப்பு சிரித்தது. அவள் ஊர் தெற்கே உடன்குடிப் பக்கம். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

முதல் நாள் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். தவ்ஃபீக் ஐந்து வரி எழுதியிருந்தான். "அது கத்திகினே இருக்கும். தண்ணி வந்தா கம்முனு ஆயிடும். ஒதச்சாதான் வேல செய்யும். எங்க அத்தா அத்த ஒதச்சி கால் வீங்கிகிச்சு."

"மோட்டாரு!" என்று வகுப்பு கூரை பிய்ந்துபோகும்படி கத்தியது. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் எழுதினார்கள். தண்ணீர் டிரம், கால் உடைந்த கட்டில், யாரும் ஓட்டாத சைக்கிள், அலமாரி மேல் ஏறிவிட்ட தையல் மிஷின். இரண்டு பத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

புது வண்ணாரப்பேட்டையில் அண்ணன் வெள்ளத்துரைக்கு மொத்த மளிகைக்கடை. கடைக்கு மேலே இருந்த இரண்டு அறையில் தங்கபுஷ்பம் தனியாக இருந்தாள். அண்ணன் குடும்பம் அண்ணா நகருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. கடை சாத்திய பிறகு அந்தக் கட்டடத்தில் அவளும் மிளகாய் மூட்டை நெடியும்தான். அந்த வாரம் அவள் நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோனாள். தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். முப்பத்து நான்கு வீட்டின் பேச்சு அறைக்குள் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுப்பாள். கீது என்பதை அடித்து இருக்கிறது என்று எழுதுவாள். வூடு வீடு ஆகும். துன்னும் என்பது தின்னும் ஆகும். ஒரு நாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'என் வீட்டில் ஒன்று இருக்கிறது' என்று எழுதினாள். அடுத்த வரி வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டுத் தட்டைக் கழுவினாள்.

நவ்ரீன் ஆகஸ்டில் வியாசர்பாடிப் பள்ளியிலிருந்து மாறி வந்தவள். மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் அவள் வகுப்பில் இருப்பதே தெரியாது. மற்றவர்கள் எழுதிய நாளெல்லாம் அவள் பெயரும் தேதியும் போட்டு வெறும் பக்கத்தைக் கொடுத்தாள். தங்கபுஷ்பம் திட்டவில்லை. அடுத்த வியாழக்கிழமை நவ்ரீன் ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தாள்.

தங்கபுஷ்பம் அதை இரவு படித்தாள். திரும்பவும் படித்தாள். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு பக்கம் வந்ததில்லை. திருத்தினாள். ஓரத்தில் பாராட்டு எழுதினாள். வெள்ளிக்கிழமை வகுப்பில், பெயர் சொல்லாமல், திருத்திய தமிழில் வாசித்தாள்.

"எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அது எப்போதும் ஜன்னல் அருகில் உட்கார்ந்திருக்கும். வெளியே வராது. கூப்பிட்டால் திரும்பும். ஆனால் பார்க்காது. சோறு வைத்தால் இரண்டு வாய் தின்னும். மீன் வைத்தால் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும்."

"பூனை!" என்றார்கள் நான்கைந்து பேர்.

"இருங்க. முடிக்கட்டும்," என்று தொடர்ந்தாள். "தலை வாரி விட்டால் சும்மா இருக்கும்."

"அய்ய, பூனைக்குத் தல வாரி உடுதுடா!" என்றான் தவ்ஃபீக். "பூ வெக்குமா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. தங்கபுஷ்பமும் சிரித்தாள். "மழை வந்தால் ஜன்னலை மூட விடாது. இரவில் என் கால் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கும். அப்போது மட்டும்..."

மணி அடித்துவிட்டது. பைகள் கிளம்பின.

"பூனைதான டீச்சர்?"

"பூனைதான். நவ்ரீன் எழுதினது. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். நவ்ரீன் எழுந்து நின்றாள். எதையோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரி இருந்தது. ஆனால் தங்கபுஷ்பம் தாளின் தலையில், மற்ற எல்லாத் தாளிலும் விடையை எழுதுவதுபோல, 'பூனை' என்று சிவப்பில் எழுதி அடிக்கோடு போட்டு, பத்துக்கு ஒன்பது போட்டுக்கொண்டிருந்தாள். நவ்ரீன் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவள் உள்ளே வரும்போது கடைசி பெஞ்சில் யாரோ மியாவ் என்றார்கள். அன்று அவள் கொடுத்த தாளில் பாடப்புத்தகத்தின் நான்காவது பாடம் இருந்தது. எழுத்து மணி மணியாக இருந்தது. ஒரு பிழை இல்லை.

"இது புத்தகத்துல உள்ளதுல்லா?"

"ஆமா டீச்சர்."

"உன் வீட்ல உள்ளது எங்க? பூனை எப்படி இருக்கு?"

நவ்ரீன் அவளை நேராகப் பார்த்தாள். போய் உட்கார்ந்தாள். செவ்வாய் வரவில்லை. புதனும் வியாழனும் வரவில்லை. இந்தப் பள்ளியில் மூன்று நாள் வராத பெண்பிள்ளை நான்காவது நாள் வருவது சந்தேகம். ஏழாம் வகுப்போடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் இருந்த நம்பருக்கு வெள்ளிக்கிழமை மதியம் போன் செய்தாள். நவ்ரீனின் அத்தா ஜாபர் எடுத்தார்.

"டீச்சரா? இன்னா டீச்சர், இன்னா பண்ச்சு அது?"

"நவ்ரீன் நாலு நாளா ஸ்கூலுக்கு வரல."

"வரலியா? எனுக்குத் தெரியாதே டீச்சர். நான் நாலு நாளா கியூல கீறேன். வூட்டாண்டயே போவல."

"எந்தக் கியூ?"

"ஹார்பருக்குள்ள போற கியூ. எக்ஸ்பிரஸ் ரோட்ல. காசிமேடு தாண்டி வந்தீங்கன்னா மஞ்ச டிரெய்லரு."

பள்ளி விட்டதும் நவ்ரீனின் பூனைத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். எண்ணூர் விரைவுச் சாலையின் ஒரு பக்கம் முழுக்க ட்ரெய்லர்கள் நின்றன. கண்ணுக்கு எட்டியவரை கன்டெய்னர்கள். மறுபக்கம் கல் கொட்டிய கரை, அதற்கப்பால் கடல். மழை மூட்டம். காற்றே இல்லை. வண்டிக்கு அடியில் பாய் விரித்து டிரைவர்கள் தூங்கினார்கள். சிலர் ஏணியில் துணி காயப் போட்டிருந்தார்கள். மஞ்சள் வண்டி ஏழெட்டு இருந்தது. நாலாவதில் ஜாபர் இருந்தார். முன்சக்கரத்தின் மறைவில் பம்ப் ஸ்டவ்வை வைத்துத் தக்காளி வதக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு காகிதத்தில் நெத்திலிக் கருவாடு.

"குந்துங்க டீச்சர்." ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து, துண்டால் தட்டிப் போட்டார். "கலீஜா கீது, தப்பா நெனச்சிக்காதீங்கோ. நாலு நாளு இங்கியேதான் சோறு, இங்கியேதான் தூக்கம். இதோ கீதே ஹார்பர் கேட்டு, நடந்தா அரமணி. வண்டிக்கு நாலு நாளு."

"வண்டிய விட்டுட்டு வீட்டுக்குப் போக முடியாதா?"

"போலாம். அந்த நேரத்துல கியூ நகந்துச்சின்னா பின்னாடி கீறவன் பூந்துடுவான். அப்பால மறுபடியும் கடைசிலருந்து வரணும்." பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி மூடியில் கொடுத்தார். "பாப்பா ஏன் வர்லன்னு போன்ல கேட்டேன் டீச்சர். வவுத்து வலின்னுச்சு. பொய்யி. வவுத்து வலின்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்காது, அழுவும்."

"வீட்ல அவங்க அம்மா இல்லையா?"

"கீது." அவர் கரண்டியால் கிளறினார். "அது கீது டீச்சர். ஆனா வெளிய வராது. எப்பவும் ஜன்னலாண்டயே குந்திகினு இருக்கும். கூப்ட்டா திரும்பும். பாக்காது."

தங்கபுஷ்பம் டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"சாப்பாடு?" என்றாள். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"வெச்சா ரெண்டு வாய் துன்னும். மீனுன்னா முள்ளு எடுத்துக் குடுக்கணும். பாப்பாதான் எடுத்துக் குடுக்கும். தலயும் அதுதான் வாரி உடும்."

ஜூன் மாதம் முதல் வாரத்தில் அவள் அந்த ஏழாம் வகுப்பில் நின்று கத்தியிருக்கிறாள். அம்மா வந்துச்சு, அம்மா போச்சு. அம்மா என்ன ஆடா, மாடா? அம்மா வந்தார் என்று பத்து தடவை எழுதுங்க. முப்பத்து நான்கு பேரும் எழுதினார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் பெற்றவளும் அதுதான், கட்டினவளும் அதுதான், பெற்ற பிள்ளையும் அதுதான். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது என்று பதினோரு வருஷத்தில் அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் சிவப்பில் அடித்தாள். நவ்ரீன் ஜூன் மாதம் வியாசர்பாடியில் இருந்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம். கொயந்த ஒண்ணு ஏழாம் மாசத்துல போய்டுச்சு. அதுக்கு முன்ன ஜெரினா சோக்கா இருக்கும் டீச்சர். எம்.சி. ரோட்டு துணிக்கடைங்களுக்கு நைட்டி தைக்கும். ஒரு நாளிக்கு நாப்பது பீஸு. வாய் மூடாது. தெருல எவ சண்ட போட்டாலும் நடுவுல இது நிக்கும்." நெத்திலியைக் கிள்ளித் தலையை எடுத்தார். "போன வருஷம் ஒரு நாளு காலைல எழுந்து பாத்தா ஆளு இல்ல. சொல்லாம கொள்ளாம போய்டுச்சு. பாப்பா பக்கத்துலதான் படுத்துகினு இருந்துச்சு, அதுக்கே தெரியல. மூணாம் நாளு யானைக்கவுனில ரயில் லைனாண்ட குந்திகினு இருந்தத நம்ம தோஸ்து ஹுமாயூன்தான் பாத்து இட்டாந்தான். இப்ப ஆஸ்பத்திரில மாத்திர குடுக்குறாங்கோ. பரவால்ல. அன்னிலருந்து பாப்பா கதவாண்டதான் படுக்கும். வியாசர்பாடில பக்கத்து வூட்டுப் பேச்சு தாங்காமதான் இங்க வந்தோம்."

முன்னால் நின்ற வண்டி உறுமியது. தூரத்திலிருந்து ஒவ்வொரு வண்டியாக உயிர்பெற்றது. ஜாபர் ஸ்டவ்வை அணைத்துச் சட்டியை அப்படியே தூக்கிக் கேபினுக்குள் வைத்தார்.

"நகருது டீச்சர். வூட்டாண்ட போறீங்களா? போனா மாத்திர தீந்துச்சான்னு பாத்து ஒரு போன் போடுங்கோ." படியில் ஏறினவர் திரும்பினார். "பாப்பா படிக்குதா?"

"நல்லா எழுதுது," என்றாள் தங்கபுஷ்பம்.

வண்டி பத்தடி நகர்ந்து நின்றது. கவிழ்த்த பக்கெட் அங்கேயே கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கேபின் ஓரம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

டோல்கேட்டில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போது தூறல் ஆரம்பித்திருந்தது. பதிவேட்டில் இருந்த முகவரிப்படி சந்துக்குள் மூன்றாவது கட்டடம், இரண்டாவது மாடி. கதவு திறந்துதான் இருந்தது. நிலைக்குப் பக்கத்தில் நவ்ரீன் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

ஒரே அறை. ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெரினா உட்கார்ந்திருந்தாள். தலை அழுத்தி வாரிப் பின்னல் போட்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. சாரல் அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

"ஸ்கூலுக்கு ஏன் வரல?" தங்கபுஷ்பம் மெதுவாகக் கேட்டாள்.

"வவுத்து வலி டீச்சர்."

"மியாவ்னு சொன்னானுவளே, அதுக்கா?"

"அதுக்கெல்லாம் இல்ல." முறத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். "அது பூனை இல்ல டீச்சர்."

"தெரியும். இப்பதான் தெரிஞ்சுது. நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க மார்க் போட்டுட்டீங்க."

தப்பு என்னுதுதான் என்றாள் தங்கபுஷ்பம். அவளுக்கே கேட்காத மாதிரி இருந்தது.

"யாரு?" என்றாள் ஜெரினா. திரும்பவில்லை.

"எங்க டீச்சர்மா."

"குந்தச் சொல்லு." பிறகு, "இன்னா பூனை?" என்றாள்.

"ஒண்ணுமில்லமா."

"நவ்ரீன் ஒரு பக்கம் எழுதுனா," என்றாள் தங்கபுஷ்பம். "உங்களப் பத்தி. நான் தப்பாப் புரிஞ்சுகிட்டேன்."

ஜெரினா திரும்பினாள். பார்வை தங்கபுஷ்பத்தின் தோளுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நின்றது. "என்னப் பத்தியா? என்னப் பத்தி எழுத இன்னா கீது?" பிறகு, "கொண்டாந்துகிறீங்களா?" என்றாள்.

தங்கபுஷ்பம் தாளை எடுத்து நீட்டினாள். ஜெரினா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. "மாத்திர துன்றதுலருந்து எழுத்து ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. நீங்களே படிங்கோ."

தங்கபுஷ்பம் நவ்ரீனைப் பார்த்தாள். பெண் முறத்தை வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். தாளில் இருந்த சிவப்பை ஒரு தடவை பார்த்தாள்.

"அடிச்சத படிங்க டீச்சர்," என்றாள். "நீங்க எழுதுனத படிக்காதீங்க."

சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த நீல எழுத்தைத் தங்கபுஷ்பம் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள். "எங்க வூட்ல ஒண்ணு கீது." அந்தச் சொல் அவள் வாய்க்குப் புதிது. சற்று நிறுத்தித் தொடர்ந்தாள். "அது எப்பவும் ஜன்னலாண்ட குந்திகினு இருக்கும். வெளிய வராது. கூப்ட்டா திரும்பும். ஆனா பாக்காது."

"பாக்கறேனே," என்றாள் ஜெரினா.

"எங்க பாக்கற?" என்றாள் நவ்ரீன்.

"நீ திரும்பிகினப்பால பாப்பேன்."

தங்கபுஷ்பம் காத்திருந்து தொடர்ந்தாள். மீன் முள். தலை வாருவது. மழை. ஜெரினா மடியில் விழுந்த சாரலைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். "நைட்ல என் கால் மேல கால போட்டுகினு தூங்கும். அப்ப மட்டும் சூடா இருக்கும்."

"நானா?"

"நீதான்."

"மெய்யாலுமா? ஒதறி உட வேண்டியதுதான? கால் மரத்துப் போவாது?"

"போவும்."

"அப்பால?"

"வாணாம், இருக்கட்டும்னு உட்டுருவேன்."

ஜெரினாவின் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. அவள் நாற்காலியை, தரை கீறும் சத்தத்தோடு, ஒரு சாண் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டாள். முதல் தடவையாக மகளைப் பார்த்தாள். "இம்மாம் எழுதிச்சா இது?" என்று தங்கபுஷ்பத்தைக் கேட்டாள்.

தாளில் இன்னும் ஒரு வரி மீதி இருந்தது. அன்று வகுப்பில் மணி அடித்துப் படிக்காமல் விட்டது. 'அது போவசொல்ல என்னாண்ட சொல்லிட்டுப் போவணும்.' போவசொல்ல என்பதை அடித்துப் போகும்போது என்று தங்கபுஷ்பம் சிவப்பில் எழுதியிருந்தாள். என்னாண்ட என்பது என்னிடம் ஆகியிருந்தது. பக்கத்தில், ஓரத்தில், அவள் கையெழுத்திலேயே, 'அருமையான கற்பனை' என்று இருந்தது.

தங்கபுஷ்பம் தாளை இரண்டாக மடித்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள் ஜெரினா.

"அவ்வளவுதான்."

வெளியே தூறல் மழையாகிவிட்டது. ஜன்னலை மூட யாரும் எழவில்லை. நவ்ரீன் மடித்த தாளைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வரி கீது டீச்சர்."